வீட்டுக் கணினியில் வைரஸ் தொல்லை: ஃபார்மட் போடுவதற்கு முன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

சேலத்தில் கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "வைரஸ் வந்திருச்சுங்க, ஃபார்மட் போட்டு நல்ல ஆன்டிவைரஸா ஒண்ணு ஏத்திக் குடுங்க." திறந்து பார்த்தால் பல நேரம் வைரஸே இருக்காது. பிரவுசரில் எப்போதோ அழுத்திய ஒரு 'அலோ' பொத்தான் காரணமாக இருக்கும். அல்லது ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் இரண்டு ஆன்டிவைரஸ்கள் இருக்கும். ஃபார்மட் போட்டால் தொல்லை போகும்தான். கூடவே பிள்ளைகளின் படங்களும் கொலுசுப் பட்டறைக் கணக்கும் போய்விடும். அதனால் உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பகுதியைப் பாருங்கள். இப்போது காவலுக்கு நிற்பது விண்டோஸோடே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரா, வேறு ஒன்றா என்பது அங்கே பெயரோடு தெரியும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

## வலது மூலையில் "5 வைரஸ் உள்ளது" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறது

அதிகம் வருவது இதுதான். அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் நீங்கள் கேள்விப்படாத ஓர் இணையதள முகவரியும் இருந்தால், அது எந்த ஆன்டிவைரஸும் தரும் எச்சரிக்கை இல்லை. வெறும் விளம்பரம். படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாராவது அழுத்தியிருப்பார்கள். பெயர் பெற்ற ஆன்டிவைரஸ் கம்பெனியின் சின்னத்தைப் போட்டு "சந்தா முடிந்தது, இன்றே புதுப்பியுங்கள்" என்று வருவதிலும் பெரும்பாலானவை இந்த வகைதான். அதை நம்பிக் கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிரவுசர் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாதவை அத்தனையையும் நீக்குங்கள். இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வும் அங்கேயே இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

நின்றுவிட்டதா? வேலை முடிந்தது. புது ஆன்டிவைரஸ் எதுவும் வேண்டாம்.

நிற்கவில்லை, தேடல் பக்கமும் மாறியிருக்கிறது என்றால்: பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, யாரும் வைக்காததை எடுத்துவிடுங்கள். அப்புறம் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஓடவிடுங்கள். இலவசம், நிறுவவே தேவையில்லை, விளம்பர ஒட்டுண்ணிகளைத் துடைப்பதற்கென்றே உள்ள கருவி.

அறிவிப்பில் தள முகவரி இல்லை, உண்மையான ஆன்டிவைரஸின் பெயர்தான் இருக்கிறது என்றால்: புது லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகியிருக்கும். காலாவதியானது புது வைரஸ் விவரங்களை வாங்குவதில்லை, ஆனால் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும்.

இந்தத் தலைப்புக்காகக் கடைக்குப் போக வேண்டிய நிலை அனேகமாக வராது.

## திரை முழுக்கச் சிவப்பு, அலறல் சத்தம், ஒரு போன் நம்பர்

"மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணை உடனே அழையுங்கள், கணினியை அணைக்காதீர்கள்" என்று வரும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. நம்பர் இருந்தால் மோசடி, அவ்வளவுதான். அது ஒரு சாதாரண இணையப் பக்கம், முழுத் திரைக்கு விரிந்திருக்கிறது.

எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். அதுவும் ஆகாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். திரும்பத் திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம்பருக்குப் போன் செய்யவில்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு குயிக் ஸ்கேன் போதும்.

போன் செய்து, அவர்கள் சொன்ன எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் ரிமோட் மென்பொருளையும் போட்டுவிட்டீர்கள் என்றால் ஆன்டிவைரஸைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். முதலில் நெட் வயரை உருவுங்கள் அல்லது வைஃபையை அணையுங்கள். வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அந்த நிமிடமே அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி எடுக்கப்பட்டுவிடும். நிறுத்திவைக்க வழி இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். கடவுச்சொற்களை வேறொரு கருவியில், உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். அந்த ரிமோட் மென்பொருளை நீக்கி முழு ஸ்கேன் செய்வது அதற்கப்புறம்.

## பென் டிரைவில் கோப்புகளைக் காணோம், எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த அன்று மாலையே இது தெரியவரும். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் என்று அலைந்த பிள்ளைகள் பென் டிரைவைச் செருகி முகம் வெளுத்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பதற வேண்டாம். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன.

அந்த ஷார்ட்கட்டை மட்டும் இரட்டைச் சொடுக்காதீர்கள். 2011-க்குப் பிறகு, பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் நிறுத்திவிட்டது. அதனால் இந்த வகை வைரஸ் உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டுமானால் உங்கள் விரல் அதைத் திறந்தாக வேண்டும்.

ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வைப் போடுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதில் உள்ள டிக்கை எடுங்கள். மங்கலாக, சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும். உங்கள் கோப்புகள் அதற்குள் இருக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் என்ற சொல்லுக்கு இங்கேதான் வேலை, அதுவும் பென் டிரைவுக்கு மட்டும். முடிந்ததும் எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

அடுத்த சோதனை முக்கியமானது. ஒரு சுத்தமான பென் டிரைவில் ஒரு ஃபோல்டரை மட்டும் வைத்து உங்கள் கணினியில் செருகி, சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

புது ஷார்ட்கட் எதுவும் முளைக்கவில்லை: தொற்று ஜெராக்ஸ் கடையோடு நின்றது.

முளைத்தது: உங்கள் கணினியிலும் குடியேறிவிட்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் அளவுக்கு ஆகும். அப்புறம் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பால் இன்னொரு சோதனை. இரண்டுக்கும் பிறகும் ஷார்ட்கட் வந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள், ஆனால் "ஃபைல் எல்லாம் வேண்டும்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இனிமேல் பிரிண்ட் எடுக்க வேண்டியதை ஜெராக்ஸ் கடையின் மெயிலுக்கு அனுப்புங்கள். பென் டிரைவ்தான் வேண்டுமென்றால், அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் உள்ள தனி பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து சிஸ்டம் நகரவே மாட்டேன் என்கிறது

இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்ஸ் பட்டியலில் ஆன்டிவைரஸ் பெயர்களைத் தேடுங்கள். ஒருவர் போட்டதை நீக்காமல் அடுத்தவர் இன்னொன்றைப் போட்டிருப்பார். ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் சோதிக்கும். ஒன்றை நீக்குங்கள். சரியாக நீங்கவில்லை என்றால் பெரிய நிறுவனங்கள் எல்லாமே தங்கள் மென்பொருளை முழுதாக நீக்கத் தனிக் கருவி வைத்திருக்கின்றன, அந்தந்தத் தளத்திலேயே கிடைக்கும்.

ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் சில நேரங்களில் மட்டும் மெதுவாகிறது: டாஸ்க் மேனேஜரில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' மேலே நின்றால், டிஃபெண்டர் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறது. முடியும்வரை விடுங்கள். தினமும் வேலை நேரத்திலேயே வந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் நேரத்தை மாற்றலாம்.

டிஸ்க் எப்போதும் 100 சதவீதம்: பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினி. எந்த ஆன்டிவைரஸை மாற்றினாலும் இது மாறாது. சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் வழி, அதற்கு ஆள் வேண்டும். நான் பார்த்தவரை இந்தச் செலவுக்கு வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

ஃபேன் இரைகிறது, அடிப்பாகம் சுடுகிறது: சித்திரை வெயிலில் சேலத்து வீடுகளில் இது சகஜம். அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் நூல் பஞ்சு ஃபேனுக்குள் அடைந்து சூட்டை வெளியே விடாது. சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தால் போதும். சுத்தம் செய்த பிறகும், எதுவும் திறக்காமலே சிபியு உச்சத்தில் நின்றால்தான் யாருக்காகவோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நச்சு நிரல் இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஆஃப்லைன் ஸ்கேன், பிறகு மால்வேர்பைட்ஸ்.

## சரி, இலவசத்தில் எதைப் போடுவது?

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் என் பதில் டிஃபெண்டர். ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, சந்தா கேட்டுத் தொந்தரவு செய்யாது, விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்தே புதுப்பித்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஏவி டெஸ்ட் ஆய்வகச் சோதனைகளில் சில ஆண்டுகளாகவே முழு மதிப்பெண்ணான 6-க்கு 6 வாங்கி வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதை ஒப்புக்குத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பழைய பெயர்தான் நம் ஊரில் இன்னும் நிற்கிறது.

அதனோடு மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு. முதல் 14 நாள் முழுப் பதிப்பாக ஓடும். அப்புறம் நீங்கள் கேட்கும்போது மட்டும் சோதிக்கும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்காததால் டிஃபெண்டரோடு மோதாது. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் அப்படித்தான், ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், திரும்ப இறக்க வேண்டும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்திலும் நச்சு நிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

டிஃபெண்டர் வேண்டாம் என்பவர்களுக்கு பிட்டிஃபெண்டர் இலவசப் பதிப்பு அமைதியானது. ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். அவாஸ்டும் ஏவிஜியும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். 2016-ல் ஏவிஜியை அவாஸ்ட் வாங்கியதிலிருந்து இரண்டும் ஒரே வீட்டுச் சரக்கு. பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக அவாஸ்ட் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. விற்பனையை அந்த நிறுவனம் 2020-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் காசில்லாமல் தருபவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய காரணம் இதுதான். சென்னையின் கே7, புணேயின் குயிக் ஹீல் இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை. சில நாள் சோதனைக்கு மட்டும் இலவசம். சோதனைப் பதிப்பைப் போட்டால் முடிகிற தேதியைக் காலண்டரில் எழுதிவைத்து, அன்றைக்கு வாங்குங்கள் அல்லது நீக்குங்கள்.

எதைப் போட்டாலும் அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "ஃபுல் வெர்ஷன், கீயோடு" என்று டெலிகிராமில் வரும் ஆன்டிவைரஸைத் தொடவே தொடாதீர்கள்.

## டிஃபெண்டர் ஆன் ஆக மறுக்கிறது

வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்பது இயல்பு, கோளாறு இல்லை.

வேறு எதுவும் இல்லாமலே பொத்தான் மங்கி, "உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது" என்று ஆங்கிலத்தில் வந்தால் கவனம் தேவை. வீட்டுக் கணினிக்கு நிறுவனம் ஏது? காசு கட்டாமல் உரிமத்தை உடைத்து ஓடவைக்கும் கிராக் மென்பொருள் போட்டபோது டிஃபெண்டரை அணைக்கச் சொல்லியிருக்கும், அல்லது தானே அணைத்திருக்கும். 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். 'சி' டிரைவ் முழுவதும் விலக்கப்பட்டிருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் காவல் இருந்தும் இல்லாத நிலைதான். அங்கே இருப்பதை எல்லாம் நீக்குங்கள், கிராக்கையும் நீக்குங்கள், ஆஃப்லைன் ஸ்கேன் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் தேடி 'ரிப்பேர்', தேவைப்பட்டால் 'ரீசெட்' கொடுங்கள். சரியானதும், வேறு மென்பொருள் டிஃபெண்டரை அணைக்கவிடாமல் தடுக்கும் 'டேம்பர் புரொடெக்ஷன்' ஆனாக இருக்கட்டும்.

இதற்கும் அசையவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டிவரும். தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மறுபடி கிராக் விண்டோஸ் போட்டுத் தந்தால் பிரச்சினை முதலிலிருந்து தொடங்கும் என்பதால், லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் விண்டோஸையே போடச் சொல்லுங்கள். எம்எஸ் ஆஃபிஸுக்காகத்தான் கிராக் என்றால் லிப்ரே ஆஃபிஸ் இலவசம், தமிழிலும் உண்டு.

## அப்டேட் ஆகவே மாட்டேன் என்கிறது

முதலில் தேதியைப் பாருங்கள். கணினி ஏதோ பழைய வருடத்தைக் காட்டினால் எந்தப் பாதுகாப்பான தளத்தோடும் அதனால் பேச முடியாது, அப்டேட்டும் வராது. ஒவ்வொரு முறை அணைத்தாலும் தேதி பின்னே போனால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும் சில்லறைச் செலவுதான். டெஸ்க்டாப்பில் நீங்களே மாற்றலாம், லேப்டாப்பில் கடைக்காரர் மாற்றட்டும்.

அடுத்து 'சி' டிரைவில் இடம் இருக்கிறதா. அடுத்து, போன் ஹாட்ஸ்பாட்டில் டேட்டாவைச் சிக்கனப்படுத்தும் 'மீட்டர்டு கனெக்ஷன்' போட்டிருக்கிறீர்களா. போட்டிருந்தால் அப்டேட்டைக் கணினி தள்ளிப்போடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் எஸ்டேட் வீடுகளில் மழைக்காலத்தில் சிக்னல் நாள்கணக்கில் படுத்துவிடும். டிஃபெண்டரின் வைரஸ் விவரத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனிக் கோப்பாகவும் தருகிறார்கள், நூறு எம்பிக்கு மேல் வரும். காய்கறிக்கோ காபிக் கொட்டை போடவோ சேலம் இறங்கும்போது நல்ல நெட் உள்ள இடத்தில் ஒரு சுத்தமான பென் டிரைவில் இறக்கி எடுத்துப்போங்கள். உங்கள் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சொடுக்கினால் ஜன்னல் எதுவும் திறக்காமல் சத்தமின்றி ஏறிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் தேதி மாறியிருக்கிறதா பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் யுபிஎஸ் இல்லாமல் பெரிய அப்டேட்டைத் தொடங்க வேண்டாம்.

விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14-ஓடு இதன் பொது ஆதரவு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகள் இலவசம். டிஃபெண்டரின் வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும்.

விண்டோஸ் 7: 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது. எந்த ஆன்டிவைரஸாலும் அந்த ஓட்டைகளை அடைக்க முடியாது. வங்கி வேலை அதில் வேண்டாம். படிக்க, எழுத, வீடியோ பார்க்க என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுங்கள், இன்னும் சில வருடம் உழைக்கும்.

## கோப்புகளின் பெயர் மாறிவிட்டது, எதுவும் திறக்கவில்லை

படங்கள், டாலி கணக்கு, வேர்டு கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் புரியாத நான்கைந்து எழுத்து ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம் இருக்கிறது என்றால் அது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக் கணக்கோ இளம்பிள்ளை சேலைக் கணக்கோ அதில் மாட்டியிருந்தால் அந்த வீட்டின் கவலையைச் சொல்லவே வேண்டாம். இதில் மட்டும் நீங்களாக அதிகம் முயலாதீர்கள்.

நெட்டைத் துண்டியுங்கள். செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் உருவுங்கள். கடிதத்தையும் மாறிய கோப்புப் பெயர்களையும் போனில் படம் எடுங்கள். ஃபார்மட் வேண்டாம், பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்கவும் வேண்டாம். வேறொரு கணினியிலிருந்து 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. கடிதத்தையும் ஒரு மாதிரிக் கோப்பையும் கொடுத்தால் எந்த வகை என்று சொல்லும், பூட்டைத் திறக்கும் கருவி, அதாவது திறவுகோல், இருந்தால் இலவசமாகவே தரும். கிராக் வழியாக வீடுகளுக்குப் பரவிய ஸ்டாப் வகையில் சில கோப்புகளை மீட்க முடிகிறது, எல்லாவற்றையும் அல்ல. இன்றைக்குத் திறவுகோல் இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை ஒரு தனி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். பின்னாளில் திறவுகோல் வெளிவந்த வகைகள் உண்டு.

பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1930-லோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் பதியுங்கள். தரவு மீட்பவரிடம் போனால் "எந்த வகை, மீட்க முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஒரு கோப்பைத் திறந்து காட்ட முடியுமா" என்று கேளுங்கள். காட்டாமல் முன்பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இது இன்னும் வராதவர்கள் இன்றே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் கணக்கையும் படங்களையும் நகலெடுத்து, முடிந்ததும் வயரைப் பிடுங்கி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், டாலி கோப்புகளுக்கு அதுவே தாராளம். வாரம் ஒரு நாள், சம்பளக் கணக்கு முடிக்கும் சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.